பதினோரு முறை சொன்ன பொய்

லோகேஸ்வரியின் கழுத்து வலிக்கு வயது மூன்று. பெடரல் ஹைவே நெரிசலில் நின்றுகொண்டிருந்த காரைப் பின்னாலிருந்து ஒரு லோரி இடித்த நாளில் பிறந்தது. காரை ஓட்டியவர் கணவர் பாலன். அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை, தப்பும் அவருடையதில்லை. ஆனாலும் வேறு பாதையில் போயிருக்கலாமே என்று மனிதர் புலம்பாத நாளில்லை.

எலும்பு முறிந்திருந்தால் நஷ்டஈட்டு வழக்கு சுலபம். எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும், வலியையா காட்டும்? கிள்ளானில் புடவைக் கடை வேலை அவளுக்கு. மேல்தட்டுக்குக் கையைத் தூக்கினால் தோளிலிருந்து விரல்வரை எரியும். அந்த வேலையும் போய்விடும் போலிருந்தது.

பிரிக்பீல்ட்ஸில் இருந்த அவளுடைய வக்கீல் விஷ்ணுப்ரியா கிளினிக் குறிப்புகளைப் புரட்டிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். எப்படி இருக்கிறது என்று டாக்டர் பதினோரு முறை கேட்டிருக்கிறார். பதினோரு முறையும் லோகேஸ்வரி, "ஓகே லா டாக்டர், பரவாயில்ல" என்றிருக்கிறாள். டாக்டரிடம்கூட மரியாதைக்கு நலம் சொல்வது நம் ஆட்களுக்கே உள்ள வியாதி. இவளுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஒவ்வொரு முறையும் பக்கத்து நாற்காலியில் பாலன் உட்கார்ந்திருந்தார்.

லோகேஸ்வரி அந்த வாரமே ஒரு நரம்பு நிபுணரிடம் தனியாகப் போய் எல்லாவற்றையும் சொல்லி அறிக்கை வாங்கினாள். வழக்கு நாளில் பாலனை வெளியே உட்காரவைக்கலாம் என்றாள் விஷ்ணுப்ரியா.

"வேணாம்மா. அவரு உள்ளயே இருக்கட்டும். மறைச்சு மறைச்சுத்தான் இங்க வந்து நிக்கிறேன்."

லோரியின் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் எதிர்பார்த்தபடியே அந்தக் குறிப்புகளை வாசித்தார். டாக்டரிடம் சொன்னது பொய்யா, இங்கே சொல்வது பொய்யா என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்லி முடிக்கும்வரை லோகேஸ்வரி காத்திருந்தாள்.

"அங்க சொன்னதுதான் பொய். காரை ஓட்டுனது என் வீட்டுக்காரரு. அவரு முன்னால வலிக்குதுன்னு சொல்ல எனக்கு மனசு வரல."

காலையிலேயே சாட்சி சொல்லி முடித்திருந்த பாலன் பின் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார். உட்காரச் சொன்னார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் வாய் அடைத்துப்போகும் என்று அவளுக்குத் தெரியும். வலி எங்கே தொடங்குகிறது, எதுவரை இறங்குகிறது, கை எவ்வளவு தூரம் மேலே போகிறது என்று நீதிபதிக்குச் சொல்லி, கையைத் தூக்கியும் காட்டினாள். வேறு ஏதாவது உண்டா என்று அவர் கேட்டார்.

"இடுப்புவரைக்கும் முடி இருந்துச்சுங்க. கையத் தூக்கி வார முடியாமத்தான் வெட்டுனேன். வெயிலுக்காகன்னு அவருகிட்ட சொன்னதும் பொய்தான்."