பெட்ரோல் மூடியில் கேட்ட சத்தம்

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் அபிராமபுரத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். நான், என் கணவர், திருநெல்வேலியிலிருந்து எங்களோடு வந்து தங்கிவிட்ட மாமியார். நான் தேனாம்பேட்டையில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். அவர் தி.நகரில் தன் சித்தப்பாவின் ஜவுளிக்கடையைக் கவனித்துக்கொண்டிருந்தார். சித்தப்பா புதுக் கார் வாங்கியபோது பழையதை எங்கள் தலையில் கட்டினார். சாம்பல் நிறம். பின்கதவுகளில் ஒன்று உள்ளிருந்து திறக்காது. பெட்ரோல் முள் எந்நேரமும் பாதியைக் காட்டும். ஆனாலும் வாசலில் கார் நிற்கிற வீடு என்று ஆகிவிட்டதில் எங்களுக்குப் பெருமைதான்.

சில மாதம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒரு விசித்திரமான வழக்கம் பிடித்துக்கொண்டது. காலையில் கிளப்பினால் உடனே கிளம்பும். தேனாம்பேட்டை தாண்டுவதற்குள் இரண்டு தரம் குலுங்கி, நின்றுவிடும். அப்புறம் என்ன செய்தாலும் கிளம்பாது. அவர் முன்னால் போய் ஹாண்டிலைப் போட்டுச் சுற்றுவார். சட்டை நனைந்ததுதான் மிச்சம். வெறுத்துப்போய் அரைமணி நேரம் ஓரமாக நின்றுவிட்டு மறுபடி முயன்றால், ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பிவிடும்.

மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள் இருந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவர் பிளக்கைத் துடைத்தார், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார், பெட்ரோல் பம்ப்பைப் பிரித்துப் போட்டார். ஒவ்வொரு தடவையும் சந்தை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவார்.

"இன்னா சார், வண்டி அல்லாம் கரீட்டாத்தான் கீது. நீங்கதான் பயந்துக்கினு கீறீங்க."

அவர் ஓட்டினால் ஓடியது, அதுவும் உண்மைதான். சூட்டினால் நிற்கிறது என்றார் என் கணவர். கண் பட்டுவிட்டது என்று மாமியார் முன்பக்கம் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார். எனக்கு மட்டும் அது ஏன் எப்போதும் கொஞ்ச தூரம் போனபிறகே நிற்கிறது, ஏன் சும்மா இருந்தால் சரியாகிவிடுகிறது என்ற யோசனை விடவே இல்லை. அலுவலகத்தில் கடிதம் அடிக்கும்போதுகூட அதையே நினைத்து எழுத்தை மாற்றி அடித்துவிடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மூவரும் கடற்கரைக்குப் புறப்பட்டோம். நொச்சிக்குப்பம் பக்கம், சாலையோரம் மீன் விற்கிற பெண்களுக்கு நேர் எதிரே வண்டி நின்றது.

"இன்னாம்மா, வண்டி நின்னுபூச்சா?" என்றாள் ஒருத்தி, ஈ ஓட்டிக்கொண்டே. "எண்ண கீதா பாரு நைனா!"

முள்ளை நம்ப முடியாததால் பெட்ரோலை நாங்கள் குச்சி விட்டுத்தான் பார்ப்போம். அவர் பின்னால் போய் டாங்கின் மூடியைத் திருகினார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். மூடி தளர்ந்தபோது "உஸ்" என்று ஒரு சத்தம். கடல் இரைச்சலிலும் தெளிவாகக் கேட்டது. குச்சி பாதிக்குமேல் நனைந்து வந்தது. மூடியைப் போட்டுவிட்டு, ஒரு பேச்சுக்கு ஸ்டார்ட் செய்தார். கொஞ்சம் இருமிவிட்டு வண்டி கிளம்பிவிட்டது. மீன்காரப் பெண்கள் கைதட்டிச் சிரித்தார்கள்.

"ஏங்க, மூடியத் தொறந்தப்ப ஒரு சத்தம் வந்துதே, கேட்டீங்களா?"

"பெட்ரோல் ஆவியா இருக்கும்."

"அது வெளிய வந்த சத்தமா, உள்ள போன சத்தமா?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அடுத்த முறை நிற்கட்டும் என்று காத்திருந்தேன். நிற்காதா என்று வேண்டிக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம். மறுநாளே தேனாம்பேட்டையில் நின்றது. நானே இறங்கிப் போய், பஸ் டிக்கெட் ஒன்றை மூடியின் ஓரத்தில் வைத்துக்கொண்டு மெதுவாகத் திருகினேன். உஸ். டிக்கெட் விளிம்போடு ஒட்டிக்கொண்டு உள்பக்கமாக வளைந்தது. காற்று உள்ளே போகிறது!

அந்த நிமிடம் என் நினைவுக்கு வந்தது எங்கள் சமையலறை எண்ணெய் டின். ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் நான்கு சொட்டு விழுந்து நின்றுவிடும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால்தான் தாரையாக ஊற்றும். காற்று உள்ளே போனால்தானே எண்ணெய் வரும்? இந்த டாங்கிலும் எங்கோ இரண்டாவது ஓட்டை இருக்கவேண்டும், அது அடைத்துக்கொண்டிருக்கவேண்டும். கொஞ்ச தூரம் போனபிறகு பெட்ரோல் இறங்க மறுப்பதும், சும்மா நின்றால் எந்த இடுக்கு வழியாகவோ காற்று கசிந்து சரியாவதும் இப்போது புரிந்தது. நடுரோட்டில் நின்று சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

"நீ சொல்றது நியாயமாத்தான் இருக்கு" என்றார் அவர். அன்று மாலையே மெக்கானிக்கை வீட்டுக்கு அழைத்துவந்தார்.

விஷயத்தைக் கேட்டதும் மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். "அட, காத்துக் குயா! அத்தப் பாக்கலியே நானு." குனிந்து டாங்குக்குப் பக்கத்தில் விரலால் தடவினார். மெல்லிய குழாய் ஒன்று கீழ்நோக்கி வளைந்திருந்தது. அதன் வாயில் பட்டாணி அளவுக்கு மண் வைத்து வழவழவென்று பூசியிருந்தது.

"குளவி சார்! கூடு கட்டிக்கீது."

அவர் கம்பியை எடுத்தார். மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மாமியார் விறுவிறுவென்று இறங்கி வந்தார்.

"ஏ தம்பி, நில்லுய்யா. அதக் கலைக்காத. குளவி கூடு கட்டுன வீட்டுல பிள்ளை பொறக்கும்லா."

எங்களுக்குத் திருமணமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அந்தப் பேச்சை மாமியார் வீட்டுக்குள்ளேகூட எடுத்ததில்லை. இப்போது ஒரு வெளி ஆள் முன்னால், தெருவில், காரின் பின்பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு நிற்கிறார். என் கணவர் தரையைப் பார்த்தார்.

"அம்மா, அது வீடு இல்ல, காரு" என்றார் மெதுவாக.

"கார் எங்கய்யா நிக்கி? நம்ம வாசல்லதான நிக்கி?"

என் கணவர் என்னைப் பார்த்தார். காரணம் கண்டுபிடித்தவள் நான்தான். குத்தி எடுங்கள் என்று நான் சொன்னால் முடிந்துவிடும். மாமியார் குழாயை மறைத்த கையை எடுக்கவே இல்லை. என்னால் சொல்ல முடியவில்லை.

மெக்கானிக் எங்கள் மூவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு கம்பியைப் பைக்குள் போட்டார். "இதுக்கு இன்னாத்துக்குக் கூட்டக் கலைக்கணும்? மூடில ஒரு ஓட்ட போட்டுக்கினா சரியாப்பூடும்." மூடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். நடுவில் ஊசிமுனை அளவு துளையோடு கொண்டுவந்து பொருத்தினார். அன்று நாங்கள் நிற்காமல் பாண்டி பஜார்வரை போய்த் திரும்பினோம். முன்சீட்டிலிருந்த மாமியார், "பாத்துப் போய்யா, மேடு பள்ளத்துல விடாத" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

அதன்பிறகு தினமும் காலையில் கோலம் போட்டுவிட்டு அவர் குனிந்து அந்தக் குழாயைப் பார்ப்பார். ஒரு நாள், "ஏட்டி, இங்க வா!" என்று கூப்பிட்டார். மண்ணில் உருண்டையாக ஒரு துவாரம். "பறந்து போயிட்டு, பாரு!" அவர் முகத்தில் அப்படியொரு மலர்ச்சி.

எங்கள் தெருவில் விலங்கியல் கற்பித்த பேராசிரியை ஒருவர் இருந்தார். பெட்ரோல் நெடியில் குளவிப் புழு உயிரோடு வளருமா என்று அவரிடம் கேட்டேன். சந்தேகம்தான் என்றார். ஏதாவது எறும்போ வேறு பூச்சியோ வெளியிலிருந்து துளைத்திருக்கலாம் என்றார். வெளியே வந்ததா, உள்ளே போனதா? இதற்கு மட்டும் டிக்கெட் வைத்துப் பார்க்க வழியில்லை.

எங்கள் மகள் பிறந்தது இரண்டு மூன்று வருடம் கழித்து. அதற்குள் காரை விற்றுவிட்டோம். மாமியாருக்கு அந்தக் கால இடைவெளியெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. குழந்தையைப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் குளவிக் கதையைச் சொன்னார். நான் ஒவ்வொரு முறையும் கதை எப்படி வளர்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.