ஓரத்தில் நின்ற ஜோக்கர்

பட்டாபிராமில் ரயில் ஏறும் அந்த மனிதருக்கு நெற்றி நிறைய விபூதி, வாய் நிறையப் பாக்கு. எந்தச் சீட்டின் இடத்திலும் பொருந்தும் ஜோக்கரை அவர் எதோடும் சேர்க்கமாட்டார். விசிறியாய் விரித்த சீட்டுகளின் ஓரத்தில் தனியே நிறுத்திவைப்பார். முழங்கால்கள்மேல் துண்டு விரித்து ஆடும் எங்கள் ரம்மியில் தோற்றவர் சென்ட்ரல் வரை நிற்கவேண்டும். அன்று அவர் காலில் பெரிய கட்டு.

"எழுந்துக்க ரெடியா அண்ணாத்தே? காலு தாங்குமா?" என்று எதிரே ஆடியவர் சீண்டினார்.

அன்று ஆடாத நான் பக்கத்திலிருந்து விபூதிக்காரரின் சீட்டுகளை எட்டிப் பார்த்தேன். டைமனில் ஐந்தும் ஏழும், கிளாவரில் ஒன்பதும் ஜாக்கும் நடுச்சீட்டு இல்லாமல் தவித்தன. மற்றவை சேர்ந்திருந்தன.

"ஜோக்கரை டைமன்ல சொருவு. கிளாவர் பத்து வந்தா முடிஞ்சுது," என்று அவர் காதில் சொன்னேன்.

"ஒக்கார வெச்சிட்டா அதுவும் வெறும் சீட்டுதான் மாமே. நிக்கட்டும். ரெண்டு ஊட்டையும் பாத்துகினு கீது."

அம்பத்தூர் தாண்டியதும் டைமன் ஆறு வந்தது. நானாயிருந்தால் வேண்டாததென்று கீழே போட்டிருப்பேன். அவர் அதை ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவே வைத்தார். ஜோக்கர் காற்றைப்போல நகர்ந்து கிளாவரில் அமர்ந்தது. எதிரே ஆடியவர் எழுந்து நின்றார்.

இன்றும் ஜோக்கர் வந்தால் ஓரத்தில் நிறுத்திப் பார்க்கிறேன். ஆவடி வருவதற்குள் என் விரல்கள் அதை உட்காரவைத்துவிடுகின்றன. சென்ட்ரல் வரை நான் நிற்கிறேன்.