எலிக்குக் கேட்காமல்

எங்கள் தெருவில் எலியை எலி என்று சொல்ல மாட்டார்கள். 'அவரு' என்பார்கள். "நேத்து அவரு வந்துட்டுப் போயிருக்காரு, சோப்புல பாதிய காணோம்" என்று மாவு வாங்க வரும்போது பக்கத்து வீட்டு அக்கா சொல்வாள். பேர் சொல்லிப் பேசினால் அது கேட்டுக்கொண்டு, பேசியவர்களின் துணியைத் தேடிப் போய்க் கடிக்குமாம். நான் விலங்கியல் படித்தவள். முதலில் சிரித்தேன். பீரோவில் இருந்த பட்டுப்புடவையின் முந்தானை சல்லடையான பிறகு நானும் 'அவரு' என்றுதான் சொன்னேன்.

வேங்கிக்காலில் நாங்கள் வீடு கட்டியிருக்கும் மனை, முன்பு நெல் வயல். நெல் போய்விட்டது, எலிகள் போகவில்லை. முன்னறையில் நான் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். அரிசி மூட்டைகள், உளுந்து, கிரைண்டர்கள், கூடவே பூண்டு போட்ட இட்லிப் பொடி. கூண்டில் மசால் வடை வைத்துப் பார்த்தோம். ஒன்று மாட்டியது. அதற்குப் பிறகு வடை காணாமல் போகும், கூண்டு காலியாக இருக்கும். பசை அட்டை வைத்தோம். பல்லி ஒட்டிக்கொண்டு துடித்ததைப் பார்த்து மகள் அழுதாள். விஷம் மட்டும் வேண்டாம் என்று கணவரிடம் சொல்லியிருந்தேன். "சாப்பாட்டுப் பொருள் விக்கிற எடங்க இது." அவர் தலையாட்டினார்.

அந்தத் தலையாட்டலை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மகளுக்கு அப்போது எல்.கே.ஜி. எங்களுக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, எல்லோரும் கேட்பதை நிறுத்திவிட்ட பிறகு பிறந்தவள். அவள் அசந்து தூங்கினால் மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிறவள் நான். இன்றும் அப்படித்தான்.

அன்று பௌர்ணமி. கிரிவலப் பாதையில் இருக்கும் டிபன் கடைகள் வழக்கத்தைவிட ஜாஸ்தியாக மாவு கேட்டிருந்தன. காலையில் சாமிக்குத் தேங்காய் உடைத்து, சில்லுகளைத் தட்டில் போட்டு வைத்துவிட்டு வேலையில் இறங்கினேன். கணவர் கலெக்டர் ஆபீஸ் பக்கம் தன் அலுவலகத்துக்குப் போய்விட்டார். மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள், முன்னறைக்கும் உள்ளுக்குமாக ஓடிக்கொண்டிருந்தாள். ஒருமுறை என்னைக் கடந்து போனபோது அவள் கன்னம் உப்பியிருந்தது.

"என்னாடி வாயில?"

"தேங்கா."

சரி என்று பொடிக்குப் பூண்டு உரிப்பதைத் தொடர்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அரிசி எடுக்க மூட்டையை நகர்த்தினேன். பின்னால் ஒரு எலி பக்கவாட்டில் கிடந்தது. கால்கள் மெல்ல அசைந்துகொண்டிருந்தன. கண் திறந்து என்னைப் பார்த்தது, ஓடவில்லை. பட்டப்பகலில் ஆளைக் கண்டு ஓடாத எலியை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. பக்கத்தில் பாதி கடித்த தேங்காய்ச் சில்லு. அதன் வெள்ளையில் ஏதோ கறுப்பாகப் பூசியிருந்தது.

போனை எடுத்தேன். கணவரைக் கூப்பிட்டேன்.

"என்னங்க, வீட்ல மருந்து ஏதாச்சும் வெச்சீங்களா?"

யாரிடமோ 'ஒரு நிமிஷம்' என்றுவிட்டு அவர் நாற்காலியைத் தள்ளி எழுந்திருக்கும் சத்தம் கேட்டது.

"உங்களத்தான் கேக்கறேன்."

"நீ எங்க நிக்கிற?"

"கிரைண்டர்கிட்ட."

"மொதல்ல வாசலுக்கு வா. உள்ள நின்னுட்டு அதெல்லாம் பேசாத."

நான் வாசலுக்குப் போனேன். செருப்புகூடப் போடாமல் கேட்டைத் தாண்டித் தெருவுக்கு வந்து நின்றேன். எலிக்குக் கேட்கக் கூடாது என்று அவர் சொன்னதற்கு என் கால்கள் கீழ்ப்படிந்தன.

"வெச்சேம்மா. காலைல நீ கோலம் போட்டுட்டு இருந்தப்போ. சொல்லிட்டு வெச்சா அது வாயே வெக்காது. எங்க ஊர்ல யாரும் வீட்ல இருக்கறவங்ககிட்ட சொல்ல மாட்டாங்க."

"எதுல வெச்சீங்க?"

"தேங்கால."

உள்ளே ஓடினேன். மகள் டிவி முன்னால் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"பாப்பா, தேங்கா எங்கருந்து எடுத்த?"

"தட்டுல."

"சாமி தட்டுலயா?"

"ம்."

"மூட்டைக்குப் பின்னாடி எடுத்தியா?"

"ம்."

"ரெண்டும் எப்படிடி? தட்டுலயா, மூட்டைக்குப் பின்னாடியா?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். எந்தப் பதில் சொன்னால் அம்மாவின் முகம் சரியாகும் என்று தேடுகிற பார்வை. "மூட்டைக்குப் பின்னாடி இருக்கற தட்டுல" என்றாள். அப்படி ஒரு தட்டே இல்லை. பிறகு, "அழுவாதம்மா, இனிமே தின்ன மாட்டேன்" என்றாள்.

கணவர் பைக்கில் வந்து சேர்ந்தார். தான் வைத்த இடங்களைக் காட்டினார். மூட்டைக்குப் பின்னால் இருந்ததை எலி கடித்திருந்தது. கிரைண்டருக்கு அடியில் இருந்தது வைத்தபடியே இருந்தது. ஜன்னல் மேடையில் வைத்தது இல்லை. ஒரு துணுக்குகூட இல்லை. அந்த மேடையில்தான் மகளின் சொப்புச் சாமான்கள் அடுக்கியிருந்தன. அவர் அந்தச் சின்னஞ்சிறு அடுப்பையும் பானையையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். நான் அவளைத் தூக்கிக்கொண்டு பைக்கில் ஏறிவிட்டேன்.

ரோடெல்லாம் ஜனம். வெளியூர்ப் பஸ்கள் இரண்டு பக்கமும் நின்றன. தடுப்புக்கு முன்னால் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினார்.

"பைக் போவாது சார். சுத்திப் போங்க."

"எலி மருந்து சார்! கொழந்த எலி மருந்து சாப்ட்டுடுச்சு!"

அந்த வார்த்தையை என் கணவர் வாய்விட்டுச் சொல்லி அன்றுதான் கேட்டேன். நடுரோட்டில், தொண்டை கிழிய. போலீஸ்காரர் தடுப்பைத் தானே இழுத்துவிட்டு விசில் ஊதிக்கொண்டு முன்னால் ஓடினார். நடந்து போனவர்கள் ஒதுங்கினார்கள். யாரோ "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்றார்கள். எங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த மகள், வேடிக்கை பார்த்துக்கொண்டே, "அரோகரா" என்று பதில் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். "பேஸ்ட்டா, கேக்கா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

"டியூப்புங்க" என்றார் கணவர்.

"பேஸ்ட்டு விக்கவே கூடாதுன்னு தடை இருக்கே. எங்க வாங்கனீங்க? சரி, அது அப்புறம். டியூப் எங்க?"

வீட்டில் வாசனை இருக்கக் கூடாது என்று, கணவர் அதைக் கையோடு பக்கத்துக் காலி மனையில் வீசியிருக்கிறார். "போய் எடுத்துட்டு வாங்க. என்னான்னு பாக்கணும்" என்று அவரை அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"பாப்பா வாயில பூண்டு வாசன வந்துச்சாம்மா? இந்த விஷம் அப்படித்தான் அடிக்கும்."

குனிந்து மகளின் வாயை முகர்ந்தேன். பூண்டு. என் விரலை முகர்ந்தேன். பூண்டு. என் புடவை, அவள் முடி, காலையிலிருந்து என் கை பட்ட எல்லாவற்றிலும் அதே வாசனை. "தெரியலீங்க டாக்டர்" என்றேன். பெற்றவளுக்கு இதுகூடத் தெரியவில்லை என்று அவள் நினைத்திருக்கலாம்.

மகளுக்கு மூக்கு வழியாகக் குழாய் விட்டார்கள். அவள் கைகளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னது என்னைத்தான். அந்தச் சத்தத்தை எழுத எனக்கு வரவில்லை.

கணவர் முட்செடி கிழித்த கைகளோடு வந்தார். பையிலிருந்த டியூப்பைத் தொடாமலே விளக்கில் பார்த்தாள் டாக்டர். நர்சிடம், "அதேதான்" என்றாள். பிறகு எங்களிடம் சொன்னாள்:

"இன்னிக்கு நல்லா இருப்பா. நாளைக்கும் நல்லா இருப்பா. ஓடுவா, சோறு கேப்பா. அத பாத்துட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடாதீங்க. இது ஈரலப் புடிக்கிற விஷம். உள்ள போயிருந்தா அதுக்கப்புறம்தான் தெரியும்."

அதன் பிறகு மகள் நன்றாக இருப்பதைப் பார்த்தாலே எனக்குப் பயம். பூரி வேண்டும் என்றாள், பயந்தேன். பக்கத்துக் கட்டில் குழந்தையோடு சிரித்து விளையாடினாள், என்னால் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வார்டின் சுவர் மஞ்சள் பெயிண்ட். அதன் வெளிச்சத்தில் யார் கண்ணும் மஞ்சளாகத்தான் தெரிந்தது. அவளை வராந்தாவுக்குத் தூக்கிப் போய், வெயிலில் நிறுத்தி, இமையை இழுத்து இழுத்துப் பார்த்தேன்.

"என்னாம்மா, கொழந்த கண்ண இந்தப் பாடு படுத்தற? கண்ணு நோவா?" என்றாள் பக்கத்துக் கட்டில்காரி.

"எலி மருந்து."

அவள் சட்டென்று கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். "மெல்ல சொல்லும்மா" என்றாள்.

கணவர் வராந்தாவில் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். "உங்கிட்ட சொல்லணும்னுதாம்மா நெனச்சேன். உன் வாயி சும்மா இருக்காது, அது முன்னாடியே ஏதாச்சும் பேசிடுவியேன்னு..."

"எலிக்குக் கேக்கக் கூடாதுன்னு எனக்குச் சொல்லல. நல்லா இருக்குங்க. எலிக்கிட்ட இருக்கற மரியாத எங்கிட்ட இல்ல."

அவர் அழுதார். அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை.

ரத்தம் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு முறையும் ரிப்போர்ட் நல்லபடியாக வந்தது. கடைசியில் வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "சாப்ட்டிருக்க மாட்டான்னுதான் நெனைக்கிறேன். சாப்ட்டிருந்தாலும் துளியாத்தான் இருக்கும். உறுதியா சொல்ல முடியாதுங்க" என்றாள். ஜன்னல் மேடையில் இருந்த துண்டை யார் எடுத்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று சிரித்துப் பேசி அரோகரா சொன்னபோது அவளுக்குள் அது இருந்ததா, இல்லையா? கேள்வி இன்னும் என்னோடு இருக்கிறது.

கொத்தனாரை வரவழைத்துச் சுவரிலிருந்த பொந்துகளையெல்லாம் சிமெண்ட் வைத்து அடைத்தோம். தண்ணீர் போகும் ஓட்டைகளுக்குக் கம்பி வலை, கதவுகளின் அடியில் தகரம். அரிசியும் உளுந்தும் மூடி போட்ட டிரம்முக்குப் போயின. எலி இப்போது கம்மி. எப்போதாவது கூரையில் ஓடுகிற சத்தம் கேட்டால் எழுந்து போய் மகளின் மூக்கருகே விரல் வைக்கிறேன்.

போன மாதம் பக்கத்து வீட்டு அக்கா மாவு வாங்க வந்து, சுற்றிலும் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தாள். "எங்க வீட்டுக்காரரு எதையோ வெச்சிருக்காரு போல. கேட்டா மொறைக்கிறாரு."

அவளுக்குச் சின்னப் பேரன் இருக்கிறான், தவழ்கிற வயசு. மாவுக் கரண்டியோடு அவள் வீட்டு வாசலில் போய் நின்று கத்தினேன்.

"அண்ணே! எலி மருந்து எங்கெங்க வெச்சிருக்கீங்க?"

அவர் பதறிக்கொண்டு வெளியே வந்தார். "ஏம்மா இப்படிக் கத்தற? போச்சு, எல்லாம் கெட்டுச்சு!"

"கெடட்டும்ணே. எங்க வெச்சிருக்கீங்க, சொல்லுங்க. நாலு பேருக்குக் கேக்கட்டும்."

தெருவே எட்டிப் பார்த்தது. முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொரு இடமாகக் காட்டினார். அக்கா முறத்தில் வாரி எடுத்தாள். ஒன்று தொட்டிலுக்கு நேர் கீழே இருந்தது.

வீட்டுக்கு வந்து மாவுக் கரண்டியைக் கழுவி வைத்தேன். அன்றும் சாமிக்குத் தேங்காய் உடைத்திருந்தேன். மகள் ஒரு சில்லை எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து எதைச் சாப்பிடும் முன்பும் அவள் கேட்கிற அதே கேள்வி.

"இது எனக்கா, அவருக்கா?"

"உனக்குத்தான்டி."

அவள் சாப்பிடவில்லை. நீட்டியபடியே காத்திருந்தாள். நான் அதை வாங்கி, ஓரத்தைக் கடித்து, மென்று, விழுங்கி, வாயைத் திறந்து காட்டினேன். அதன் பிறகுதான் வாங்கிக்கொண்டாள்.