சொல்லிக்கொள்ளாமல் கிளம்பியவர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை ஓர் இழவு வீட்டுக்குப் போனோம். போனதில் தப்பில்லை. திரும்பிய விதத்தில்தான் வந்தது வினை.

இழவு, கீழ் வீட்டில். இங்கே ஹூஸ்டன் அபார்ட்மென்ட்டில் எங்களுக்கு நேர் கீழே அல்மாஸும் அவள் தோழி செஹாயும் இருக்கிறார்கள். எத்தியோப்பியாக்காரர்கள். சர்ச் விருந்துகளுக்கு ஆர்டர் எடுத்துச் சமைப்பவர்கள்.

என் கதைதான் உங்களுக்குத் தெரியுமே! மனைவி ரேவதிக்கு சாஃப்ட்வேர் வேலை. எனக்கு டிபெண்டென்ட் விசா. வேலை பார்க்கக் கூடாது, மூச்சு விடலாம். ரேவதி காரை எடுத்துக்கொண்டு போனால் சாயங்காலம் வரை நானும் டி.வி.யும்தான். அப்படி ஒரு நாள் கீழேயிருந்து புளித்த மாவு வாசனை வந்தது. நம்ம ஊர் மூக்கு சும்மா இருக்குமா? இறங்கிப் போய்க் கதவைத் தட்டினேன்.

அவர்கள் வார்த்துக்கொண்டிருந்தது இஞ்ஜெரா. டெஃப் என்ற தானியத்தின் மாவைப் புளிக்க வைத்து, பெரிய கரண்ட் கல்லில் அண்டா மூடி அகலத்துக்கு ஊற்றுகிறார்கள். கற்றுக்கொடுங்கள் என்றேன். தோசைக்குப் பழகிய கை அல்லவா... வெந்ததும் திருப்பிப் போட்டுவிட்டேன்! இஞ்ஜெராவைத் திருப்பவே கூடாதாம். அல்மாஸ் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அதன்பிறகு வாரத்தில் பாதி நாள் அந்த அடுப்பங்கரையில்தான் இருந்தேன். பருப்பு, கீரை, கடலைமாவுக் குழம்பு என்று வரிசையாகக் கற்றேன். இந்த ஊரில் என்னை 'வா, உட்கார்' என்று சொன்ன ஒரே வீடு அது.

அல்மாஸின் அண்ணன் ராணுவத்தில் இருந்தான். எல்லைச் சண்டையில் போய்விட்டான் என்று ஃபோன் வந்தது.

ரேவதியும் நானும் இறங்கிப் போனோம். ஹால் முழுக்க ஜனம். தரையில் போட்ட மெத்தையில் அல்மாஸ். எங்கள் முன்னால் இஞ்ஜெராத் தட்டு வந்தது, காபி வந்தது.

"ஏங்க, இழவு வீட்ல கை நனைக்காதீங்க. கொஞ்ச நேரம் உக்காந்துட்டு, சொல்லிக்காம கிளம்பிடலாம்" என்றாள் ரேவதி, காதோடு.

அதுதானே நம் முறை? துக்க வீட்டில் 'போயிட்டு வரேன்' என்று யாராவது சொல்வார்களா? அந்த வீட்டுக்கு இன்னொரு துக்கத்தை வேண்டிக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா? தட்டைத் தொடாமல், வாய் திறக்காமல் எழுந்தோம். மேலே வந்து தலைக்குக் குளித்தோம் — முதலில் அவள், அப்புறம் நான்.

மறுநாள் கீழே போய்க் கதவைத் தட்டினேன். அல்மாஸ் திறந்தாள். களைப்பாக இருக்கிறது என்றாள். மூடிவிட்டாள். அடுத்த நாளும் அதே.

புதன்கிழமை லாண்டரி ரூமில் செஹாயைப் பிடித்தேன். அவள் ஆங்கிலத்தில் சொன்னதை நம் தமிழில் தருகிறேன்.

"எங்கெங்கிருந்தோ வந்தவங்க எல்லாம் மூணு நாளா அவகூட உக்காந்திருக்காங்க. கூட நாலு பேர் சாப்பிட்டாத்தான் அவ சாப்பிடுவா. நீ தட்டையே தொடல. போறப்ப, 'கடவுள் தெம்பு குடுக்கட்டும்'னு ஒரு வார்த்தை சொல்லல. அதுகூடப் போகட்டும்..."

கையிலிருந்த துணியை மடித்துக் கூடையில் வைத்தாள்.

"மேலே ஷவர் சத்தம் கேட்டுது. நின்னுது. மறுபடியும் கேட்டுது. 'நாம என்ன அவ்வளவு அழுக்கா?'ன்னு அல்மாஸ் கேட்டா."

மரமும் அட்டையும் வைத்துக் கட்டிய வீடுகள். எதுதான் கேட்காது? எனக்கு அவமானமாக இருந்தது.

"ஐயோ, அது எங்க வழக்கம். பெத்த அம்மா செத்தாலும் குளிக்கணும்" என்றேன்.

"உங்க அம்மாவுக்கும் குளிச்சியா?"

குளித்தேன். போன வருஷம் திருச்சியில் அம்மா போனாள். விசா பேப்பர் பாதியில் நின்றது. இப்போது கிளம்பினால் திரும்பி வருவது நிச்சயமில்லை என்றார் வக்கீல். ஃபோனை வைத்துவிட்டு இதே பாத்ரூமில்தான் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். கீழ் வீட்டோடு அப்போது பழக்கம் இல்லை.

"அன்னிக்கு உன்கூட யாரெல்லாம் உக்காந்தாங்க?" என்றாள் செஹாய்.

ரேவதிக்கு லீவு கிடைக்கவில்லை. ஆன்ஸரிங் மெஷினில் தமிழ் நண்பர்களின் குரல்கள் இருந்தன. 'வீக்கெண்ட் வந்து பாக்குறோம்' என்றார்கள். வீக்கெண்டில் யார் வீட்டிலோ பர்த்டே பார்ட்டி.

நான் துணியை மெஷினுக்குள் திணித்தேன். செஹாய் என் கையைப் பிடித்து அழுத்தினாள். அல்மாஸிடம் சொல்கிறேன் என்று போனாள். இதை எழுதும்வரை கீழிருந்து அழைப்பு வரவில்லை.

இழவு வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல் போவது நல்ல மரியாதைதான், ஒப்புக்கொள்கிறேன். அதற்கு முதலில் யாராவது வர வேண்டும்!