தோளைப் பிடிச்சிருந்தவர்

பேய், ஆவின்னு யாராவது ஆரம்பிச்சா எழுந்து போயிடற ஆள் நான். தரங்கம்பாடி மிஷன் ஸ்கூல் வாத்தியார் மக, படிச்சது டாக்டருக்கு, அதனால இதை நீங்க நம்பலைன்னா எனக்கு வருத்தமில்ல. ஆனா நடந்தது நடந்ததுதான்.

அப்ப தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில புதுசா சேர்ந்திருந்தேன். குத்தகை நிலத் தகராறு நாலாபக்கமும் எரிஞ்சுக்கிட்டிருந்த சமயம், நெல் அறுப்புன்னாலே எங்களுக்கு அடிதடி கேஸ் வந்துக்கிட்டே இருக்கும். ஒருநாள் மத்தியானம் பாபநாசம் பக்கத்துலேர்ந்து செல்வராசுன்னு ஒருத்தனைக் கொண்டாந்து போட்டுட்டு, கூட வந்தவங்க போலீஸுக்குப் பயந்து உடனே போயிட்டாங்க. வயல்ல மறிச்சு நின்னவன் மேல டிராக்டரை ஏத்திட்டாங்களாம். படுக்க வெச்சா மூச்சு முட்டுது, இடது நெஞ்சுல காத்துப் போற சத்தமே இல்ல. உள்ள ரத்தம் சேர்ந்திருக்குன்னு நினைச்சு நெஞ்சுல ஊசி குத்தி எடுக்கப் போனேன், எதுக்கும் இன்னொரு தடவை கேட்போம்னு ஸ்டெதஸ்கோப்பை வெச்சா, வயித்துல கேக்க வேண்டிய களகளா சத்தம் நெஞ்சுக்குள்ள கேக்குது. ஊசியைக் கீழ வெச்சுட்டேன். நெஞ்சையும் வயித்தையும் பிரிக்கற உதரவிதானம் கிழிஞ்சு இரைப்பை மேல ஏறியிருக்கு. குத்தியிருந்தா இரைப்பையிலதான் குத்தியிருப்பேன்.

மூக்கு வழியா டியூப் விட்டு இரைப்பைக் காத்தை இறக்கிட்டு எக்ஸ்ரே ரூமுக்குத் தள்ளிட்டுப் போனோம். உட்கார வெச்சு எடுக்கணும், அவனால முடியல. அப்ப அவன் பக்கத்துல, முழங்கால் வரை சேறோட ஒருத்தர் வந்து ரெண்டு தோளையும் பிடிச்சுக்கிட்டார். கொண்டாந்து விட்டவங்கள்ல ஒருத்தர்தான் திரும்பி வந்துட்டார்னு நினைச்சேன். "கெட்டியாப் பிடிங்க, சாய விடாதீங்க"ன்னேன். "சரிங்க"ன்னார்.

படத்துல டியூப் நெஞ்சுக்குள்ள சுருண்டு கிடந்தது. சர்ஜன் உடனே வயித்தைத் திறந்து, இரைப்பையைக் கீழ இழுத்து அதுல இருந்த கிழிசலைத் தைச்சு, உதரவிதானத்தையும் தைச்சு மூடினார். பிழைச்சுட்டான்.

சாயங்காலம் அதே படத்தைத் தூக்கிப் பார்த்த சர்ஜன், "யாரும்மா இவனைப் பிடிச்சிருந்தது?"ன்னார். இரைப்பைக்குள்ள தண்ணி மட்டமா நேர்கோடு போட்டிருக்கு, அப்ப நிமிர்ந்து உட்கார்ந்துதான் இருந்திருக்கான். ஆனா தோள்கிட்ட ஒரு விரல் எலும்புகூட விழல. எக்ஸ்ரேக்காரரைக் கேட்டா, "யாரும் இல்லீங்களே டாக்டர், நீங்க யார்கிட்ட பேசறீங்கன்னு நானே யோசிச்சேன்"கறார்.

மறுநாள் போலீஸ் வந்துதான் சொன்னாங்க, அதே டிராக்டர்ல அடிபட்டு அவன் அண்ணன் வயல்லயே செத்துட்டார்னு. செல்வராசுகிட்ட யாரும் அதைச் சொல்லல. நெனவு நல்லாத் திரும்பினதும் அவன் என்கிட்ட கேட்டது ஒண்ணுதான்.

"வெயில்ல நின்ன மனுஷன், அண்ணன் கை ஏங்க அவ்வளவு சில்லுன்னு இருந்துச்சு?"

இன்னிக்கும் பின்னாலேர்ந்து யாராவது என் தோளைத் தொட்டா, திரும்பறதுக்கு முன்னாடி அந்தக் கை சூடா இருக்கான்னுதான் பாக்கறேன்.