மாமா கையில் கொடுத்த கயிறு

வேப்பனப்பள்ளியில் என் அக்கா வீட்டுக் கூடத்தில், சாமி படங்களுக்குப் பக்கத்தில், என் போட்டோ ஒன்று மாட்டியிருக்கிறது. பாய்மரக் கப்பலின் மரத்தில், வெகு உயரத்தில், இடுப்பில் வார் கட்டித் தொங்கிக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அக்கா புருஷன், அதாவது என் மாமா, "கால் வராத பையன், எங்க ஏறிக்கினு கீறான் பாரு" என்பார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அந்த உயரத்துக்கு நான் ஏறவே இல்லை.

எனக்கு இளம்பிள்ளை வாதம். கால் இரண்டும் சும்மா தொங்கும், கை மட்டும் நன்றாக வளர்ந்தது. தொண்ணூறுகளில் ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில், உட்கார்ந்தபடியே பாகங்களை அளந்து பார்க்கும் வேலை. வேலையில் ஒரு குறையும் இல்லை. கம்பெனி பஸ் ஏறுவதுதான் தினசரி எரிச்சல். கம்பியைப் பிடித்து, உடம்பை இழுத்து இழுத்து நானே ஏறிவிடுவேன், கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான். அதற்குள் பின்னாலிருந்து இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்து அலாக்காகத் தூக்கி உள்ளே வைத்துவிடுவார்கள். "பரவால்ல சார், இதுல இன்னா இருக்குது" என்பார்கள். அவர்களுக்கு ஒன்றுமில்லை, எனக்கு இருக்கிறதே. திட்டவும் முடியாது, நல்ல மனசு வேறு.

அப்போதுதான் எங்கள் கம்பெனிக்கு வந்துபோகும் வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் அந்தக் கப்பலைப் பற்றிச் சொன்னார். அந்தக் காலத்து மாதிரி பாய் கட்டி ஓடுவது. கை கால் இல்லாதவர்கள், கண் தெரியாதவர்கள், உடம்பு நன்றாக இருப்பவர்கள் எல்லாரும் சேர்ந்து ஓட்டுவது. சென்னைத் துறைமுகத்துக்கு வருகிறது, ஒரு நாள் கடலுக்குள் கூட்டிப்போவார்கள் என்றார். அங்கே கேட்காமல் யாரும் யாரையும் தூக்க மாட்டார்களாம். நடக்க முடியாதவர்கள்கூடக் கயிற்றைத் தங்கள் கையால் இழுத்துப் பாய்மரத்தில் ஏறலாமாம். அந்த மரத்தில் நானாக ஒருமுறை ஏறிவிட வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்துவிட்டது.

தனியாக அனுப்புவார்களா? அக்கா அழுதாள். துணைக்கு ஆள் இருந்தால்தான் லீவு என்றது கம்பெனி. மாமா கிளம்பினார். மாங்காய் மண்டியில் லாரிக்குச் சரக்கு ஏற்றுகிறவர். கல் மாதிரி தோள், மகா நல்லவர். அதுதான் வம்பே. ஓசூர் பஸ் ஸ்டாண்டிலேயே தொடங்கிவிட்டார். பஸ்ஸில் ஏற்றினார், இறக்கினார், டீக்கடை பெஞ்சில் தூக்கி வைத்தார். துறைமுகத்தில் என் சக்கர நாற்காலியை நானே உருட்டிப் போகத் தோதாகச் சாய்வுப் பலகை போட்டிருந்தார்கள். அதைப் பார்த்து நான் சிரிப்பதற்குள், நாற்காலியோடு சேர்த்து என்னைத் தூக்கிக்கொண்டு கப்பலில் ஏறிவிட்டார். மேலே நின்றவர்கள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

கப்பலைச் சுற்றிப் பார்த்ததும் ஆத்திரம் கொஞ்சம் அடங்கியது. கீழ்த்தளத்துக்கு இறங்க லிஃப்ட், நாற்காலி உருளாமலிருக்கத் தரையில் கொக்கி. சுக்கான் பிடித்திருந்தவருக்குக் கண் தெரியாது, திசைகாட்டி அவருக்கு வாய்விட்டுத் திசை சொன்னது. கரை மறைந்ததும் மரம் ஏறுகிறவர்களைக் கூப்பிட்டார்கள். பொறுப்பாக இருந்த வெள்ளைக்காரப் பெண்ணுக்கு இடது முழங்கைக்குக் கீழே கை இல்லை. ஒற்றைக் கையாலேயே எனக்கு வார் மாட்டி விளக்கினார். மேலே கப்பியில் ஓடும் கயிற்றை இழுக்க இழுக்க நான் உயர்வேன். இன்னொரு கயிறு காவலுக்கு. கீழே இருப்பவர்கள் அதைத் தொய்யாமல் பார்த்துக்கொண்டால் போதும், இழுக்கவே கூடாது. அதில் ஒரு மாலுமியையும், பின்னால் மாமாவையும் நிறுத்தினார்.

"இழுக்கக் கூடாது மாமா."

"சரி மாப்ள."

"தொங்கறத மட்டும் எடுத்துக்கணும்."

"கயிறு புடிக்காதவனா நானு? நீ ஏறு."

இரண்டு பிடி இழுத்தேன். மூன்றாவது பிடிக்கு வேலையே இல்லை, நான் பாட்டுக்கு மேலே போய்க்கொண்டிருந்தேன். கீழே "எத்து, எத்து" என்று தெலுங்கில், தூக்கு தூக்கு என்று மாமாவின் மண்டிக் குரல். லாரிக்குக் கூடை ஏற்றும்போது போடுகிற அதே சத்தம். மாலுமி ஏதேதோ கத்தினான், மாமா காதில் விழவில்லை. "வுடுங்க மாமா" என்று தொண்டை கிழியக் கத்தினேன். பயந்துவிட்டேன் என்று நினைத்து இன்னும் வேகமாக இழுத்தார். உச்சியில் போய் நின்றபோது கப்பலே கைதட்டியது. யாரோ போட்டோ எடுத்தார்கள். எனக்கு அழுகை வந்தது. ஆனந்தக் கண்ணீர் என்கிறார் மாமா, இன்றுவரைக்கும்.

கீழே வந்ததும் வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். மாமாவை ஒருமையில் பேசியது அன்றைக்குத்தான். "உன்ன யாருய்யா இழுக்கச் சொன்னது? நான் ஏற வந்தேன்யா. மாங்கா கூடையாட்டம் ஏத்திட்டியே."

மாமா முகம் செத்துப்போனது. "வுழுந்துட்டீன்னா உங்கக்காவுக்கு நான் இன்னா பதில் சொல்றது" என்றார்.

அந்தப் பெண்ணுக்கு பாஷை புரியவில்லை, விஷயம் புரிந்துவிட்டது. மறுபடி ஏறுகிறாயா என்று கேட்டார். கயிற்றிலிருந்து மாமாவை விலக்கிவிடட்டுமா என்றும் கேட்டார். இருந்த கோபத்துக்கு ஆமாம் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஊருக்குத் திரும்பினால் நான் இந்த மனுஷனோடுதானே இருந்தாக வேண்டும்? இருக்கட்டும் என்றேன்.

மறுபடி கயிற்றைப் பிடித்து ஏறத் தொடங்கினேன், அதற்குள் காற்று வலுத்துவிட்டது. கப்பல் சாயும்போதெல்லாம் மரத்தில் போய் மோதினேன். உள்ளங்கை எரிந்தது. பாதி உயரத்தில் தோள் இரண்டும் விட்டுப்போயின, அதற்குமேல் ஒரு பிடிகூட வரவில்லை. தொங்கினேன். போட்டோக்காரர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். கீழே காவல் கயிறு மாமா கையில் தொய்யவும் இல்லை, இழுபடவும் இல்லை.

"மாப்ள," என்று கீழேயிருந்து கூப்பிட்டார். "இப்ப இழுக்கட்டுமா?"

பிறந்ததிலிருந்து எத்தனையோ கைகள் என்னைத் தூக்கியிருக்கின்றன. ஒன்றுகூட அதுவரை என்னைக் கேட்டதில்லை.

"வேணாம் மாமா," என்றேன். "இது போதும். எறக்குங்க."