தங்கை வீட்டு நீலத் தரை

ஊரார் வேலைக்கு விடியும் முன் ஓடுகிறவர், சொந்தக்காரர் வேலை என்றால் மட்டும் "நாளைக்கு" என்பார். அதனால் டைல்ஸ் மேஸ்திரிக்கு வீட்டில் "நாளைக்கு" என்றே பெயர்.

அவர் தங்கை தன் புது வீட்டுக் கூடத்துத் தரையில் பதிக்க, பூ வார்த்த சிமெண்ட் பூக்கல் வாங்கினாள். நீலமும் வெள்ளையும். கடையையே புரட்டிப்போட்டு அவளே தேர்ந்தெடுத்த பூ. அண்ணன் கையால்தான் பதிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

அவரும் வந்து பதித்தார். நூல் பிடித்தாற்போல வரிசை. முடிகிற நேரத்தில் பெரிய கட்டட வேலைக்கு அழைப்பு வந்தது. அந்த அவசரத்தில், கல்மேல் படிந்த சிமெண்ட் பாலைப் போக்க, பளபளப்பு டைல்ஸுக்கு ஊற்றுகிற ஆசிட்டையே ஊற்றினார். சிமெண்ட் கல் அதைத் தாங்காது என்று தெரியாதவரல்ல. தண்ணீர் கலந்துதானே ஊற்றுகிறோம் என்று கை முந்திவிட்டது. தரை நுரைத்தது. கழுவிவிட்டபோது நீலம் சாம்பல் பூத்துக் கிடந்தது.

தங்கை வாசலில் நின்று பார்த்தாள். "ஏண்ணே, ஊரான் வீட்டுலயும் இப்படித்தானா?"

"மேல்தோல்தான் போயிருக்கு. உள்ளேயும் சாயம் இருக்கு பாப்பா. தேய்ப்புக்கல்லால தேய்ச்சா வந்துடும். நானே தேய்ச்சுத் தர்றேன்."

"எப்போ?"

வாய்வரை வந்த சொல்லை விழுங்கிக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை" என்றார்.

"எந்த வருஷத்து ஞாயிறு மச்சான்?" என்று அவள் கணவர் சிரித்தார்.

ஞாயிறுகள் போயின. ஒரு வாரம் பள்ளிக்கூடத்து வராந்தா வேலை, இன்னொரு வாரம் முதுகுவலி. உண்மையில் அந்தத் தரையின் முகத்தில் விழிக்கக் கூச்சம். மழைக்காலம் முழுக்க அவளும் கேட்கவில்லை. கோபம் தணிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டார்.

ஒருவழியாகத் தேய்ப்புக்கல்லோடு போனபோது, மதிலோரம் உடைந்த பூக்கல் குவிந்து கிடந்தது. உள்ளே வெள்ளை டைல்ஸ் கண்ணைப் பறித்தது.

"செருப்பைக் கழட்டிட்டு வாண்ணே. வேற ஆளை வெச்சுப் போட்டுட்டோம்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா வந்திருப்பியா?"

குரலில் கோபமே இல்லை. அதுதான் சுட்டது.

அவள் டீ போட உள்ளே போனாள். அவர் மதிலோரம் குந்தி, உடைந்த பூக்கல் ஒன்றை எடுத்துக் குழாய்த் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்புக்கல்லால் தேய்த்தார். சாம்பல் கரைந்து ஓடியது. அவள் ஆசைப்பட்ட நீலம் மெல்ல எழுந்து வந்தது.

"அண்ணே, டீ ஆறுது!"

கல்துண்டைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு உள்ளே போனார்.